தேக்கும் சவுக்கும் எப்போது, எவ்வளவு வெட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டா நிலத்தில் தேக்கு, சவுக்கு, தைலமரம், மலைவேம்பு வைத்திருப்பவர்களுக்கான பதில்கள் இவை. அரை ஏக்கர் வரப்புத் தேக்குக்கும் பத்து ஏக்கர் சவுக்குக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். மாதிரிக்காகச் சொல்லப்படும் எண்கள் எவை என்பதை ஆங்காங்கே குறித்திருக்கிறோம்.

வளர்ச்சிக்கு மிஞ்சாமல் வெட்டுவது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

ஆண்டுதோறும் தோப்பு போடும் சதை, அதாவது மரங்களில் புதிதாகச் சேரும் பருமன், எவ்வளவோ, அதற்கு உட்பட்டு எடுப்பது. சவுக்கு போன்ற குறுகிய கால மரத்தில் இதைப் பரப்பளவை வைத்தே செய்துவிடலாம். ஆறு ஏக்கர் இருக்கிறது, நான்கு ஆண்டில் வெட்டுகிறீர்கள் என்றால், ஆண்டுக்கு ஒன்றரை ஏக்கர் வெட்டி அதே பருவத்தில் மறுநடவு செய்யுங்கள். ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நான்கு வயதுச் சவுக்கு ஒன்றரை ஏக்கர் கையில் இருக்கும். வனத்துறையின் ‘கூப்பு’ முறையும் இதேதான்: காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்த ஆண்டு எந்தத் துண்டு என்று முன்கூட்டியே வரைபடத்தில் எழுதி வைப்பார்கள்.

ஆறு ஏக்கரையும் ஒரே ஆண்டில் நட்டவர்கள் முதல் சுற்றில் ஒரு பகுதியை மூன்றரை வயதிலும் கடைசிப் பகுதியை ஆறரை வயதிலும் வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்த ஒரு சுற்றில் கொஞ்சம் நட்டம் வரும். ஆனால் விலை விழுந்த ஆண்டில் மொத்தத்தையும் விற்கும் நிலை அதன்பிறகு வராது.

திட்டத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு பள்ளி நோட்டு போதும். சர்வே எண், பரப்பு, நட்ட மாதம், இடைவெளி, கன்று எங்கே வாங்கியது, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த சுற்றளவு, எந்த ஆண்டு எத்தனை மரம் எடுக்கப் போகிறோம், எடுத்தது எவ்வளவு, விற்ற விலை. கிணறு, ஓடை, மின்கம்பி, லாரி வந்து நிற்கக்கூடிய இடம் ஆகியவற்றைக் காட்டும் கைவரைபடம் ஒன்றும் வேண்டும். லாரி நிற்க இடமில்லாத தோப்பில் தலைச்சுமைக் கூலியே விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அதை நடும்போதே யோசிக்க வேண்டும்.

தோப்பில் எவ்வளவு மரம் இருக்கிறது என்று எல்லா மரத்தையும் அளக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். 11.28 மீட்டர் நீளக் கயிற்றின் ஒரு முனையை முளையில் கட்டி வட்டமாகச் சுற்றினால் உள்ளே வருவது 400 சதுர மீட்டர். ஏக்கருக்கு அப்படிப் பத்து வட்டம் கொள்ளும். வட்டத்துக்குள் நிற்கும் மரங்களை எண்ணி, ஒவ்வொன்றின் சுற்றளவையும் 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பால் எடுங்கள். இந்தியாவில் மார்பு உயரம் என்று வைத்திருப்பது இந்த அளவைத்தான். சரிவான நிலத்தில் மரத்தின் மேட்டுப் பக்கம் நின்று உயரத்தைக் குறியுங்கள்; பள்ளத்தில் நின்று அளந்தால் சுற்றளவு கூடிவிடும்.

ஐந்து ஏக்கருக்கு நான்கைந்து வட்டமாவது போடுங்கள். எங்கே போடுவது என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். தோப்புக்குள் போய் இடம் பார்த்தால் கால் தானாகவே நல்ல மரம் நிற்கும் பக்கம்தான் போகும். அதேபோல் வாய்க்காலை ஒட்டிய ஓர வரிசையில் மட்டும் அளக்காதீர்கள். ஓர மரத்துக்கு வெயிலும் நீரும் தாராளம், உள்ளே நிற்பவை அதில் பாதிகூட இருக்காது.

உயரத்துக்கு ஒரு குச்சி போதும். கண்ணிலிருந்து நீட்டிய கை வரை உள்ள தூரம் எவ்வளவோ, கைக்கு மேலே குச்சி அவ்வளவு நீளம் நிற்கட்டும். குச்சியின் உச்சி மர உச்சியோடும் கைப்பிடி மரத்தின் அடியோடும் ஒன்றும் வரை பின்னால் நடங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரத்துக்கு உள்ள தூரமே உயரம்.

சவுக்கை எந்த வயதில் வெட்டினால் லாபம்?

ஆண்டுச் சராசரி எப்போது உச்சத்தைத் தொடுகிறதோ அப்போது. ஒரு மாதிரிக் கணக்கு: ஏக்கருக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் 25 டன், நான்காம் ஆண்டு 42, ஐந்தாம் ஆண்டு 52, ஆறாம் ஆண்டு 58 என்று வைத்துக்கொள்வோம். வயதால் வகுத்தால் ஆண்டுச் சராசரி 8.3, 10.5, 10.4, 9.7. ஐந்தாம் ஆண்டில் புதிதாகச் சேர்ந்தது 10 டன். அது நான்கு ஆண்டுச் சராசரியைவிடக் குறைவு. அந்த ஓர் ஆண்டு வளர்ச்சி சராசரிக்குக் கீழே இறங்கிய நொடியில், நிலத்தைப் புதிய கன்றுக்குக் கொடுப்பதே மேல்.

இது டன் கணக்கில் கூழ்மரமாக, அதாவது காகித ஆலைக்கு, விற்பவர்களுக்கு. சாரக்கட்டுக் கழியாக விற்பவர் இன்னும் ஓர் ஆண்டு நிறுத்துவதில் தவறில்லை, ஏனென்றால் பருத்த கழிக்கு விலை தனி.

கடலோர மாவட்டங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூரில் முந்திரியையும் சவுக்கையும் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் தென்னையோடு தேக்கையும் முறித்தது. வெட்டு வயதை எட்டிவிட்ட தோப்பை ‘பொங்கலுக்கு விலை ஏறும்’ என்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிறுத்தி வைப்பது, கிடைக்கப் போகும் சில நூறு ரூபாய்க்காக மொத்தத்தையும் பந்தயம் வைப்பதுதான். விழுந்த மரம் ஊர் முழுக்கக் கிடக்கும்போது வியாபாரி சொன்னதுதான் விலை.

ஏக்கருக்கு 1000 தேக்கு நட்டும் பத்து ஆண்டாக மரம் பருக்கவில்லை. உரம் குறைவா?

பெரும்பாலும் இல்லை. நெருக்கம்தான். தமிழ்நாட்டில் தேக்கு நட்டவர்களில் நிறையப் பேர் செய்யாமல் விடும் வேலை கலைப்பு, அதாவது நெருங்கி நிற்பவற்றில் சிலவற்றை இடையிடையே வெட்டி எடுப்பது. நட்ட கன்றை வெட்டக் கை வரவில்லை என்பதே காரணம். ஆயிரம் மரம், மரத்துக்கு இவ்வளவு என்று மனக்கணக்கு வேறு போட்டாயிற்று. ஆனால் 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்று நெருக்கி நடுவதே, நேராக வளரட்டும், பிறகு பாதிக்கு மேல் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான். தேக்கு வெளிச்சம் கேட்கும் மரம். தலைகள் முட்டிக்கொண்டதும் கீழ்க்கிளைகள் காய்ந்து உதிரும், இலைப்பரப்பு சுருங்கும், தண்டில் சதை ஏறுவது நின்றுபோகும். அதன்பிறகு எவ்வளவு யூரியா கொட்டினாலும் அதைச் சமைக்க இலை இருக்காது.

முதல் கலைப்பு நான்கு அல்லது ஐந்தாம் ஆண்டில். இதில் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. மூலைவிட்ட வாக்கில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை போய்விடும். முதல் வரிசையில் 1, 3, 5 என்றும் அடுத்த வரிசையில் 2, 4, 6 என்றும் எடுத்துக்கொண்டே போனால் சதுரங்கப் பலகை மாதிரி வரும். ஆயிரம் ஐந்நூறாகும். இரண்டாவது கலைப்பு எட்டிலிருந்து பத்தாம் ஆண்டுக்குள்: இப்போது நேர் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றை முழுதாக எடுத்தால், மிச்சமிருப்பவை 4 மீட்டருக்கு 4 மீட்டரில், ஏக்கருக்கு 250 நிற்கும். மூன்றாவது கலைப்பிலிருந்துதான் ஒவ்வொரு மரமாகப் பார்த்து எடுப்பது.

தண்ணீர் பாய்ச்சிய தோட்டத் தேக்கு வேகமாக வளரும், அதனால் வயதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்து மரங்களின் கிளைகள் கோர்த்துக்கொண்டு, பச்சைக் கிளைகள் உள்ள தலைப்பகுதியின் நீளம் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையத் தொடங்கினால் காலம் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டேப்பை வைத்தும் சொல்லலாம். மாதிரிக்கு, ஏக்கரில் 600 மரம், சராசரிச் சுற்றளவு 45 செ.மீ. சுற்றளவைத் தன்னால் பெருக்கி 12.57ஆல் வகுத்தால் ஒரு மரத்தின் குறுக்குப் பரப்பு 161 சதுர செ.மீ. 600 மரத்துக்கு 9.7 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு மாற்றினால் ஏறக்குறைய 24. தேக்குக்கு 20ஐத் தாண்டினாலே நெருக்கடிதான்.

மூன்றாவது கலைப்பில் எதை எடுப்பது, எதை விடுவது?

விட வேண்டியதை முதலில் முடிவு செய்யுங்கள். நேரான தண்டு, உடையாத உச்சி, நாலாபக்கமும் சீராகப் படர்ந்த தலை, அடியில் காயமோ பொந்தோ இல்லாதது. ஏக்கருக்கு நூறு, நூற்றைம்பது மரம் இப்படித் தேர்ந்தால் போதும். அவற்றுக்கு வெள்ளைப் பட்டை அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் தலையோடும் மோதும் பக்கத்து மரத்தை எடுங்கள். நோஞ்சான், கவட்டை, கோணல் எல்லாம் அதோடு போகட்டும். பருமனான மரத்தை வியாபாரி கேட்கிறார் என்று அவற்றைக் கொடுத்துவிட்டு மெலிந்ததை ‘இது வளரட்டும்’ என்று நிறுத்துவது இருப்பதிலேயே கெட்ட முறை. பத்தாண்டு நசுங்கிக் கிடந்த மரம் வெளிச்சம் கிடைத்ததும் எழுந்துவிடாது.

குறியிடும் முறையில் வனத்துறையிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். எடுக்க வேண்டிய மரத்தில் மார்பு உயரத்தில் எண் எழுதுவதோடு, அறுவை விழும் இடத்துக்குக் கீழே தூரோரம் சுத்தியல் முத்திரையும் அடிப்பார்கள். வெட்டி முடிந்தபின் தோப்பைச் சுற்றி வந்தால், முத்திரை உள்ள அடிக்கட்டை கணக்கில் உள்ளது, முத்திரை இல்லாதது களவு போனது. உங்களுக்குச் சுத்தியல் வேண்டாம், அடியில் ஒரு சொட்டுப் பெயின்ட் போதும். மார்பு உயரத்தில் மட்டும் குறி போட்டால் அந்தக் குறி மரத்தோடு லாரியில் ஏறிப் போய்விடும்.

பன்னிரண்டு ஆண்டாகக் கலைக்கவே இல்லை. இப்போது ஒரேயடியாகப் பாதியை எடுத்துவிடலாமா?

வேண்டாம். இடித்துக்கொண்டே வளர்ந்த மரம் ஒல்லியாக உயர்ந்திருக்கும், பக்கத்து மரம்தான் அதற்கு முட்டு. உயரத்தையும் விட்டத்தையும் ஒரே அலகில் வைத்து வகுத்துப் பாருங்கள்: 15 மீட்டர் உயரம், 15 செ.மீ. விட்டம் என்றால் 100. நூறை ஒட்டியும் அதைத் தாண்டியும் இருக்கும் மரம் திடீரென்று தனியே நின்றால் முதல் காற்றில் வளையும், அல்லது முறியும். வெயில் திடீரென்று தண்டில் விழுவதால் அடியிலிருந்து உச்சிவரை துளிர்களும் வெடிக்கும். பலகையில் அவை முடிச்சாகத் தெரியும். நான்கில் ஒரு பங்காக, இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விட்டு எடுங்கள். மேற்கிலிருந்து காற்றடிக்கும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில், அந்தப் பக்கத்து ஓர வரிசைகளைக் கடைசிவரை தொடாதீர்கள்.

இருபது ஆண்டில் தேக்கு ஒவ்வொன்றும் லட்சம் போகும் என்கிறார்களே?

1990களில் தேக்குப் பங்கு விற்ற கம்பெனிகள் சொன்னதும் இதைத்தான். பணம் போட்ட பலருக்கு மரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்த 1999இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தனி விதிகள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தேக்கின் விலை வைரத்தில், அதாவது நடுவில் முற்றிய கட்டையில், இருக்கிறது. இளமரத்தை அறுத்தால் நடுவில் சிறு வட்டம் மட்டும் வைரம், சுற்றிலும் வெள்ளை. ஆசாரி வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிடுவார், விட்டால் வண்டு குடையும். அதனால் 60 செ.மீ. சுற்றளவு மரத்துக்கும் 120 செ.மீ. மரத்துக்கும் விலை வித்தியாசம் இரண்டு மடங்கில் நிற்காது. கேரள வனத்துறை டிப்போக்களில் கட்டைகளை நடுச்சுற்றளவை வைத்தே தரம் பிரிப்பார்கள்: 150 செ.மீ.க்கு மேல் முதல் தரம், 100 முதல் 149 வரை இரண்டாம் தரம், 76 முதல் 99 வரை மூன்றாம் தரம். 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவருக்குக் கீழிருந்த சாத்து மேனனும் தேக்கு நடத் தொடங்கிய நிலம்பூரில் வெட்டு வயது ஐம்பது அறுபது ஆண்டு. அந்த வயதில் ஏக்கருக்கு நிற்பது சில பத்து மரங்கள்தான்.

இருபது ஆண்டில் பணம் தேவை என்றால் தேக்கு வரப்பில் இருக்கட்டும், வயலில் மலைவேம்போ சவுக்கோ வையுங்கள்.

தைலமரத்தை வெட்டியபின் மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து மீண்டும் துளிர்க்க விடுவது) எத்தனை முறை விடலாம்?

வழக்கமாக இரண்டு முறை. மூன்றாவதில் காய்ந்த தூர்கள் கூடிவிடும். தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில், மழைநீர் தேங்காதபடி லேசாகச் சாய்த்து, பட்டை கிழியாமல் அறுங்கள். மழுங்கிய அரிவாளால் கொத்தினால் பட்டை பிளந்து, துளிர் வந்தாலும் தூரோடு ஒட்டாமல் காற்றில் பிய்ந்து விழும். தூருக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு துளிர். முதல் சில மாதத்தில் எல்லாவற்றையும் விட்டு வைத்துவிட்டு, ஆள் உயரம் வந்ததும் வலுவானதை நிறுத்தி மற்றதைக் கழியுங்கள். நாட்டுச் சவுக்கை மறுதாம்பு விட முயல வேண்டாம், புதுக் கன்றுதான்.

எந்த மாதத்தில் வெட்டுவது நல்லது?

பொங்கல் கழிந்து வைகாசிக்குள். தரை காய்ந்திருக்கும், தேக்கு இலை உதிர்த்து நிற்கும், லாரி புதையாது. ஈரமண்ணில் டிராக்டர் ஏறிய தடத்தில் மண் இறுகி, அடுத்த நடவில் அந்த வரிசை மட்டும் குட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். தைலமர மறுதாம்புக்குக் கடும் கோடையைத் தவிர்ப்பது நல்லது.

மரத்தைச் சாய்க்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

விழும் பக்கத்தில் வாய் (ஆப்பு வடிவ வெட்டு) எடுக்காமல் பின்னாலிருந்து நேராக அறுப்பதில். மரம் பாதி அறுபட்டதும் எடை தாங்காமல் நெடுக்கில் பிளந்து மேலே எகிறும். வெட்டுபவரின் நெஞ்சு மட்டத்தில் நடக்கும் விபத்து அது. அதோடு தண்டின் அடிப்பக்கத்தில் விலையுள்ள முதல் சில அடியும் பிளவாகிப் போகும்.

முதலில் சாய்வு, காற்று, மின்கம்பி, மேலே தொங்கும் காய்ந்த கிளை ஆகியவற்றைப் பாருங்கள். விழும் திசைக்கு எதிரே, பக்கவாட்டில் சாய்வாக ஓட வழியைச் சுத்தம் செய்யுங்கள். விழும் பக்கத்தில் விட்டத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் எடுங்கள். பிறகு பின்பக்கம், வாயின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே அறுத்து வாருங்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைத் திசையில் இழுத்து வைக்கும். கீலையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் அதன் இஷ்டத்துக்குத் திரும்பும். மர உயரத்தைப் போல இரண்டு பங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது.

கன அடி கணக்கில் வியாபாரி ஏமாற்றுகிறாரா?

நடைமுறைக் கணக்கு இது: நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, தன்னால் பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு அங்குலத்திலும் நீளம் அடியிலும் இருந்தால் 144ஆல் வகுக்க வேண்டும். 36 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளக் கட்டைக்கு 9 × 9 × 10 ÷ 144, அதாவது 5.6 கன அடி. உருளைக் கணக்கில் உண்மையான கனம் 7.2 கன அடி. இந்த 21 சதவீத வித்தியாசம் ஏமாற்று இல்லை. அறுவையில் போகும் சேதாரத்துக்காக நூற்றாண்டுகளாக உள்ள முறை, விலையும் அதை வைத்தே சொல்லப்படுகிறது.

ஏமாற்று நடப்பது டேப்பில். 36 அங்குலத்தை 35 என்றும், பத்தரை அடியை 10 என்றும் எழுதினால் 5.9 கன அடி 5.3 ஆகிவிடும். பத்துச் சதவீதம் காணாமல் போயிற்று. பட்டை நீக்கி அளப்பதா பட்டையோடா, அரை அங்குலத்தை எந்தப் பக்கம் தள்ளுவது, நீளத்தில் எத்தனை அங்குலம் விடுவது ஆகியவற்றை விலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அளக்கும்போது டேப்பின் ஒரு முனை உங்கள் கையில் இருக்கட்டும்.

நின்ற நிலையில் குத்துமதிப்பாக விற்கலாமா?

அளந்து வைத்திருந்தால் விற்கலாம். கலைப்பில் விழும் மரங்களை வீணாக்காதீர்கள்: வெட்டும் முன் மார்பு உயரச் சுற்றளவு, வெட்டியபின் கிடைத்த கன அடி என்று முப்பது மரத்துக்காவது எழுதி வைத்தால் உங்கள் தோப்புக்கென்றே ஓர் அட்டவணை கிடைத்துவிடும். பிறகு நிற்கிற மரத்தை டேப்பால் சுற்றிப் பார்த்தே கன அடி சொல்லலாம்.

வெட்டியபின் கழிவை எரித்துவிட்டு நடலாமா?

எரிக்காதீர்கள். மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் பெரும்பங்கு இலையிலும் பட்டையிலும் சிறுகிளையிலும் இருக்கிறது. முடிந்தால் பட்டையைத் தோப்பிலேயே உரித்துவிடுங்கள். கழிவை வரிசைக்கு இடையே, சரிவுக்குக் குறுக்காகப் போட்டால் மண்ணரிப்பும் நிற்கும். விதிவிலக்கு ஒன்று: சவுக்கில் பட்டை கொப்புளித்து, வெடித்த இடத்தில் கரும்பொடி உதிர்ந்தால் அது கொப்புளப்பட்டை நோய். அந்த மரத்தை மட்டும் தூரோடு எடுத்து எரித்துவிடுங்கள். ஓடையோரம் உள்ள மரங்களைத் தொடாமல் இருபது மீட்டராவது விடுவது நல்லது. கரை சரிந்தால் கிணற்றுக்குத்தான் வண்டல் வரும்.

சொந்த நிலத்து மரத்துக்கு யாரிடம் அனுமதி?

சவுக்கு, தைலமரத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தேக்கைக் கொண்டுசெல்ல 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை அனுமதிச்சீட்டு வேண்டும். பட்டா, சிட்டா, வி.ஏ.ஓ. சான்று, மரப்பட்டியல் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் வனச்சரக அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். மரத்தை வெட்டிக் கிடத்திவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். நீலகிரி, கொடைக்கானல் போன்ற அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டவே முடியாது. பட்டா நிலத்துச் சந்தன மரம் உங்களுடையதுதான், ஆனால் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி அதை நீங்களே வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான்.

அரசுக் காட்டில் வெட்டு எப்படி முடிவாகிறது?

கோட்டம்தோறும் வழக்கமாகப் பத்தாண்டுக்கு எழுதப்படும் செயல்திட்டம் வழியாக. காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டத்தில் இல்லாத மரத்தைக் காட்டில் வெட்ட முடியாது.

தோப்பை முறையாகப் பராமரித்து வெட்டுகிறோம் என்பதற்கான சான்றிதழ் வாங்க வேண்டுமா?

ஏற்றுமதிக்கோ, சான்றிதழ் கேட்கும் காகித ஆலைக்கோ விற்பதானால் குழுவாகச் சேர்ந்து வாங்குங்கள்; தனி ஆளுக்குத் தணிக்கைச் செலவு கட்டாது. இந்தியாவுக்கென்று தனிச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றும் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. உள்ளூர் மரவாடிக்கு விற்பவருக்கு அவசியமில்லை. தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பதும் மேலே சொன்ன அந்த நோட்டைத்தான்.